கூரையைப் பார்த்து எடுத்த படம்

வட்டுக்கோட்டை,
மார்ச் 18, செவ்வாய்க்கிழமை.

நமது தேவாலயத்தின் நூற்றைம்பதாவது ஆண்டு விழா மலருக்கு ஆசிரியரும், என் அக்காவின் மூத்த மகனுமாகிய அன்பு மருமகன் பிறேமுக்கு,

மாமா லயனல் எழுதுவது. ஆண்டவருடைய கிருபையினாலே நானும் உன் மாமியும் சுகமாயிருக்கிறோம். என் முழங்காலும் அவருடைய பிரஷரும் மட்டும் தங்கள் தங்கள் வழியில் போய்க்கொண்டிருக்கின்றன. கொக்குவிலில் நீயும் உன் குடும்பமும் அக்காவும் சமாதானத்தோடு இருக்க நாள்தோறும் மன்றாடுகிறோம். அக்காவுக்கு மட்டும் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டவேண்டாம். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

உன் சுற்றறிக்கை போன மாதமே கிடைத்தது. பாடகர் குழுவை முப்பத்துமூன்று வருடம் நடத்திய திருமதி சுகிர்தம் லயனலுக்கு மலரில் முழுப்பக்கம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்ற வரியை நான் இரண்டு தரம் உரத்து வாசித்தேன். உன் மாமி, "என்னத்துக்கு உதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே கடதாசியை என் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்துத் தன் கீர்த்தனைப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டார். அந்தப் புத்தகம் உனக்குத் தெரியும். அவர் பத்திரப்படுத்த நினைக்கிற எல்லாம் அதற்குள்தான் போகும். வேறு ஒருவரும் அதைத் தொடக்கூடாது, நான் உட்பட. ஆனால் மடிப்பதற்கு முன்னமே கடைசி வரியை நான் வாசித்துவிட்டேன். "போனில் சும்மா எடுத்த படங்கள் ஏற்றுக்கொள்ளப்படமாட்டா, முறையாக எடுத்த படம் மட்டுமே அனுப்பவும்" என்று போட்டிருந்தாய்.

அந்த வரியை எழுதியது நீ என்றாலும் கருத்து என்னுடையது. உனக்கு ஒன்பது வயதில், மேசையில் கிடந்த என் கமராவை எடுத்து எங்கள் கோழியை மூன்று தரம் படம் பிடித்தாய். முப்பத்தாறு படத்துக்கு இருந்த பிலிமில் மூன்று கோழிக்குப் போயிற்று. அன்று உன்னைக் கதிரையில் இருத்தி முக்கால் மணித்தியாலம் பிரசங்கம் பண்ணினேன். சும்மா எடுக்கிறது வேறை, படம் எடுக்கிறது வேறை. சும்மா எடுக்கிறவன் கண்டவுடனே அமத்துவான், படம் எடுக்கிறவன் வெளிச்சம் பார்த்து, பின்னாலே என்ன நிற்கிறதென்று பார்த்து, ஆளை நிமிர்த்தி இருத்தி, தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு அதற்குப் பிறகுதான் அமத்துவான் என்று சொன்னேன். நில அளவைக் கந்தோரில் முப்பது வருடம் கோடு கீறிய ஆள் நான். எதையும் அளந்து செய்தால்தான் அது வேலை என்று நம்பியிருந்தேன். நீ அழுதாய். ஆனால் முப்பத்தாறு வருடம் கழித்து அதை அப்படியே எனக்கே அச்சடித்து அனுப்புவாய் என்று நான் நினைக்கவில்லை.

சரி, வீட்டிலே படத்துக்கா பஞ்சம் என்று அலுமாரியிலிருந்து பிஸ்கற் ரின் மூன்றையும் இறக்கினேன். பிறேம், உண்மையைச் சொல்கிறேன், நாற்பது வருடமாக இந்தக் குடும்பத்தில் கமரா வைத்திருந்தவன் நான். அந்த மூன்று ரின்னிலும் உன் மாமியின் முழு முகம் ஒன்றுகூட இல்லை. கீரிமலையில் அவருடைய முதுகு இருக்கிறது. எங்கள் மகள் நிஷானியின் திடப்படுத்தல் ஆராதனையில் அவருடைய கைப்பையும் முழங்கையும் இருக்கின்றன. உன் கலியாணத்தில் கேக்குக்குப் பின்னால் அவருடைய கொண்டை தெரிகிறது. மற்றதில் என் பெருவிரல். மீதி எல்லாவற்றிலும் வாயை இறுக்கி மூடி, அடுத்த நிமிடம் பல்லுப் பிடுங்கப் போகிறவர்போல இருக்கிறார். அதற்கும் காரணம் உண்டு. அவருடைய முன்பல் ஒன்று மற்றதன்மேல் கொஞ்சம் ஏறி நிற்கும். கலியாணமாகி முதல் கிழமையிலேயே, "வாய் திறந்த படம் மட்டும் எனக்கு எடுக்கப்படாது" என்று சட்டம் போட்டுவிட்டார். அந்தச் சட்டம் இன்றுவரைக்கும் திருத்தப்படவில்லை.

நல்ல படம் என்றால் கலியாண அல்பத்தில்தான் இருந்தது. அந்தக் கதை உனக்குத் தெரியுமோ தெரியாது. தொண்ணூற்றைந்துச் சண்டையில் எல்லாரும் ஒரே நாளில் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது, உன் மாமி நிஷானியை ஒரு கையிலும் கீர்த்தனைப் புத்தகத்தை மற்றக் கையிலும் வைத்துக்கொண்டு, அலுமாரியின் மேல்தட்டிலிருந்து அல்பத்தை எடுத்து வரச்சொன்னார். நான் ஓடிப்போய்க் கமராப் பையை எடுத்துக்கொண்டு வந்தேன். அதற்குள் பிலிமும் இல்லை, பற்றறியும் இல்லை; அந்த நாளில் யாழ்ப்பாணத்தில் இரண்டுக்கும் வழியில்லை. சாவகச்சேரிக்குக் கிட்டப் போய்த்தான் பையைத் திறந்து பார்த்தோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது அல்பமும் இல்லை, அலுமாரியும் இல்லை. உன் மாமி அதைப் பற்றி என்னை ஒரு சொல்லுக் கேட்டதில்லை. மீன் வாங்க வேண்டிய நாட்களில் மட்டும் புது அலுமாரியின் மேல்தட்டைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு சங்கானைச் சந்தைக்குப் போய்விடுவேன். முப்பது வருடமாக நான்தான் போகிறேன். வருகிற ஜூலையில் எங்களுக்குக் கலியாணமாகி நாற்பது வருடம். எங்கள் கலியாணம் நடந்தது என்பதற்குப் பதிவுத் துண்டைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஆகையால் இந்த மலரிலாவது அவருக்கு ஒரு முறையான படம் வந்தே ஆகவேண்டும் என்று நான் எடுத்துக்கொண்டேன். அல்பத்தைத் தொலைத்தவன் நான், படத்தைக் கொடுக்கவேண்டியவனும் நான்தானே.

முதலில் நானே எடுப்பது என்று முடிவு. நிஷானி மெல்பேர்னிலிருந்து அனுப்பிய போனில் எடுத்தாலும், முறையாக எடுத்தால் அது முறையான படம்தானே என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். காலை எட்டரைக்கு முற்றத்தில் வெளிச்சம் எங்கே விழுகிறதென்று நூல் கட்டி அளந்து, கதிரை போடவேண்டிய இடத்தைச் சோக்கால் வட்டமிட்டேன். பக்கத்து வீட்டு நடராசா வேலிக்கு மேலால் பார்த்தார். தொண்டைமானாற்று ஆள், கப்பலில் இருபத்தைந்து வருடம் ஓடியவர். ஒவ்வொரு துறைமுகத்திலும் ஸ்ரூடியோவுக்குப் போய்ப் படம் எடுத்தவராம். முகத்தில் நிழல் விழாமலிருக்க எதிரே வெள்ளைத் துணி பிடிக்கவேண்டும் என்று சொல்லி, எங்கள் கட்டில் விரிப்பையே கொடியிலிருந்து உருவிக்கொண்டு வந்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். உன் மாமி நீலக் காஞ்சிபுரத்தைக் கட்டிக்கொண்டு வந்து இருந்தார். நான் வெளிச்சம் பார்த்தேன், பின்னாலே பார்த்தேன், நிமிர்ந்து இரும் என்றேன், மூச்சைப் பிடித்தேன். நான் மூச்சைப் பிடித்தால் அவருக்குப் பொறுக்காது. "எடுத்தாச்சோ?" என்பார். அந்த நேரம் பார்த்து என் விரல் அமத்தும். பதினொரு படம், பதினொன்றிலும் அவர் "எடுத்தாச்சோ" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பன்னிரண்டாவதுக்கு வாயைத் திறக்கவில்லை. அதற்குத்தான் காற்று வந்தது. விரிப்புப் பாயாகி, நடராசாவையும் இரண்டு அடி இழுத்துக்கொண்டு போய், உன் மாமியின் தலையில் மூடியது. கப்பல்காரர் விடவில்லை, கடலிலே எதையும் கைவிட்டுப் பழக்கமில்லையாம். விரிப்புக்குள் ஒருவர், விரிப்பைப் பிடித்தபடி ஒருவர், அதுதான் பன்னிரண்டாவது படம். ஒளியும் அளவும் அதிலேதான் சரியாக வந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

பிறகு இரண்டு பேரும் பஸ் எடுத்து ரவுணுக்கு ஒரு ஸ்ரூடியோவுக்குப் போனோம். ஜெயதீபன் என்று நல்ல மரியாதையான பெடியன். பேனையை எடுத்து, படம் முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகத்துக்கோ என்று கேட்டான். அவனில் பிழையில்லை, எங்கள் வயதில் சோடியாக வருகிறவர்கள் பாதிப்பேர் அப்படிச் சாவுக்கு முன்கூட்டியே எடுத்து வைத்துவிட்டுப் போகிறவர்களாம். "அதுக்கு இன்னும் நாள் கிடக்குத் தம்பி, இது சேர்ச் மலருக்கு" என்று உன் மாமி சொன்னார். குடை வைத்த வெளிச்சம் போட்டு, நாடியை இரண்டு விரலால் நிமிர்த்தி, நான் உனக்குப் பிரசங்கம் பண்ணினது எல்லாவற்றையும் அவன் ஒன்றும் விடாமல் செய்தான். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. அரை மணித்தியாலம் பொறுங்கோ, கொஞ்சம் திருத்தித் தாறன் என்றான். திருத்திக் கொண்டுவந்து தந்தான். நாடியில் இருந்த மச்சத்தைக் காணவில்லை. கழுத்து யாருடையதோ. நீலச் சேலை அரக்குச் சேலையாகியிருந்தது; மலர் அட்டைக்கு அதுதான் பொருந்துமாம். பின்னாலே ஏரியும் இரண்டு அன்னமும் வந்து நின்றன. உன் மாமி கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"உந்தப் பொம்பிளை ஆர்?"

ஜெயதீபனுக்கு அது காதில் விழுந்துவிட்டது. "அன்ரிக்கு ஒரு இருபது வயசு குறைச்சிருக்கிறன்" என்று சந்தோஷமாகச் சொன்னான்.

"நீர் குறைச்ச இருபதும் நான் பாட்டுப் பழக்கின வருசம், தம்பி" என்றார் உன் மாமி. கோபமாகச் சொல்லவில்லை. அவன் சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸில் வரும்போது யன்னல் பக்கமாகத் திரும்பி, "பறவாயில்லை, வாய் மூடித்தானே கிடக்கு, உதையே பிறேமுக்கு அனுப்பிவிடுங்கோ" என்றார். வருகிற வெள்ளிக்கிழமை மலர் அச்சுக்குப் போகிறது, இனி என்ன செய்வது என்று நானும் ஓம் என்றேன். ஆனால் அந்த அன்னத்துக்கு முன்னால் இருக்கிற அம்மாவுக்கு ஒரு கீர்த்தனையில் ஒரு வரிகூடத் தெரியாது பிறேம். பார்த்தாலே தெரிகிறது.

இனித்தான் சங்கதி. போன சனிக்கிழமை பின்னேரம் பாடகர் குழுவுக்குப் பயிற்சி. எனக்கு அங்கே வேலை இல்லை. மண்டபக் கூரையில் ஓர் ஓடு உடைந்து ஒழுகுகிறது, திருத்த வேலைக் குழுவுக்கு ஒரு படம் எடுத்துத் தாருங்கள் என்று செயலாளர் கேட்டிருந்தார், அதற்காகப் போனேன். வாசலில் தள்ளி நின்று போனைக் கூரைப் பக்கமாகத் தூக்கிப் பிடித்தேன். ஓட்டுக்கு என்ன வெளிச்சம் பார்ப்பது, என்ன நிமிர்த்தி இருத்துவது? மூச்சும் பிடிக்கவில்லை. அந்த நேரம் மூன்றாம் அடியில் ஆண்குரல் பக்கம் சறுக்கியது. வேறு யார், தேனுஜன்தான். அவன் அந்த இடத்தில் நாலு வருடமாகச் சறுக்குகிறான். உன் மாமி ஆர்மோனியத்தை விட்டெழும்பி நேரே என் போனுக்கு முன்னால் வந்து நின்று, அந்த அடியைத் தானே பாடிக் காட்டினார். நான் ஓட்டுக்கு அமத்தினேன்.

வீட்டுக்கு வந்து ஓட்டைப் பார்ப்போம் என்று திறந்தால், ஓடு மூலையில் இருக்கிறது. நடுவிலே உன் மாமி. கண்ணாடி நெற்றிக்கு மேல் ஏறியிருக்கிறது. கொண்டை பாதி அவிழ்ந்திருக்கிறது. வலக்கை மேலே, ஒரு செருப்பு எங்கேயோ. காலால் தாளம் போடும்போது இடது செருப்பைக் கழற்றிவிடுவார், உனக்கும் தெரியும். வாய் முழுக்கத் திறந்திருக்கிறது. முன்பல் தெரிகிறது, மச்சம் தெரிகிறது, கழுத்து நரம்பு எழும்பி நிற்கிறது. பிறேம், எனக்கு அதைப் பார்க்க ஒரு மாதிரியாகிவிட்டது. எண்பத்துநாலாம் ஆண்டு இதே மண்டபத்தில், மழைக்கு ஒதுங்கி நின்றபோது, யன்னலுக்குள்ளால் நான் கண்ட முகம் இது. இந்த முகத்தைப் படம் எடுக்கவேண்டும் என்றுதான் முதல் சம்பளத்தையும் இரண்டாம் சம்பளத்தையும் சேர்த்து அந்தக் கமராவையே வாங்கினேன். வாங்கின நாளிலிருந்து, நிமிர்ந்து இரும், வாயை மூடும், இந்தப் பக்கம் பாரும் என்று சொல்லிச் சொல்லி நாற்பது வருடம் அந்த முகத்தை நானே கலைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கடைசியில் கூரைக்குத் தூக்கிப் பிடித்த போனில் வந்து விழுந்திருக்கிறது. இந்த வயதில் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கொஞ்சம் அழுதேன் என்பதை உனக்குச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் நான் தாழ்மையாகக் கேட்பது இதுதான். ஸ்ரூடியோப் படத்தை நான் இதோடு அனுப்பவில்லை. அது காணி உறுதிக்கு அடியில் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. அனுப்புவது இந்தப் படம். இதையே முழுப்பக்கமாகப் போடு. உன் சுற்றறிக்கையின்படி இது ஏற்றுக்கொள்ளப்படமாட்டாத படம். போனில் எடுத்தது, சும்மா எடுத்தது, அதுவும் வேறொன்றை எடுக்கப்போய் எடுத்தது. என் பிரசங்கத்தின்படியும் இது படமே இல்லை. அந்தப் பிரசங்கத்தை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். மூச்சுப் பிடித்து, வெளிச்சம் பார்த்து எடுத்த பன்னிரண்டிலும் அவர் இல்லை, ஏரிக்கரையிலும் இல்லை, இதிலே இருக்கிறார். இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியாது. உன் கோழிப் படம் மூன்றும்கூட நல்ல படங்கள்தான் என்று இப்போது தோன்றுகிறது. கோழி அதிலே கோழியாகவே இருந்தது.

மாமிக்கு இது தெரியக்கூடாது. மலர் கைக்கு வந்த பிறகு தெரிந்துகொள்ளட்டும். அன்று நடக்கிறது நடக்கட்டும், நான் ஒருநாள் நடராசா வீட்டில் சாப்பிட்டுக்கொள்வேன். வைபரில் அனுப்பியிருக்கலாமே என்று நீ கேட்பாய். எங்கள் இருவருக்கும் ஒரே போன், குடும்பக் குழுவில் உன் அம்மாவும் இருக்கிறார். அக்காவுக்குத் தெரிந்தால் மாமிக்குத் தெரிய ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் போதும். அதனால்தான் ரவுணில் ஒரு கடையில் அச்சடித்து, போனிலிருந்து அழித்துவிட்டு, இப்படிப் பழைய காலத்து முறையில் தபாலில் விடுகிறேன். மூலையில் இருக்கிற ஓட்டை வெட்டிவிடாதே. திருத்த வேலைக் குழுவுக்கு அதுதான் ஒரே அத்தாட்சி.

உன் மலர் வேலையை ஆண்டவர் ஒரு குறையுமில்லாமல் நிறைவேற்றித் தருவாராக. பிள்ளைகளின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்ததாகச் சொல். அக்காவின் சுகத்தை விசாரித்ததாகவும் சொல், அதற்குமேல் ஒன்றும் சொல்லாதே. பசை எந்த லாச்சிக்குள் இருக்கிறதென்று மாமிக்குத்தான் தெரியும், அவரிடம் கேட்கமுடியாது. ஆகையால் குளித்துவிட்டு வந்து தபாற்கந்தோரிலேயே கவரை ஒட்டிக்கொள்வேன்.

என்றும் உன் நன்மையை விரும்பும்,
மாமா லயனல்.

பி.கு. தம்பி பிறேம், இது மாமி எழுதுகிறேன். மாமா குளிக்கிறார். கவர் ஒட்டாமல் மேசையில் கிடந்தது. இந்த வீட்டில் முப்பது வருடமாகக் கவர் ஒட்டுகிறவள் நான், அதனால் ஒட்ட எடுத்தேன். படத்தைச் சனிக்கிழமையே போனில் பார்த்துவிட்டேன். அவர் அழித்தது படத்தை அல்ல, நிஷானி அனுப்பிய கேக் செய்முறையை. நீ இதையே போடு. வாய் திறந்திருக்கத்தான் செய்கிறது, பாடுகிறபோது மூடிக்கொண்டு பாட ஏலுமோ? செருப்பு இல்லாத காலை மட்டும் வெட்டிவிடு. எனக்குத் தெரியும் என்று அவருக்குச் சொல்லாதே, மலர் வருகிற நாள்வரைக்கும் பயந்துகொண்டு திரியட்டும்.

இன்னொன்று. இதோடு ஒரு சின்னப் படம் வைத்திருக்கிறேன், கவனம். வீட்டை விட்டு வெளிக்கிட்ட அன்று காலை, அல்பம் பாரம், வழியில் விடவேண்டி வந்தாலும் என்று நினைத்து அதிலிருந்து ஒன்றை உரித்துக் கீர்த்தனைப் புத்தகத்துக்குள் வைத்தேன். எங்கள் கலியாணப் படம். ஒரு பேர்போன ஸ்ரூடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையைவிட்டு, ஒரு மணித்தியாலம் எங்களை நிமிர்த்தி எடுத்தது. அதிலே உன் மாமா இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு நிற்கிறார். நான் அவரைப் பார்த்து வாயைத் திறந்து சிரிக்கிறேன், பல்லெல்லாம் தெரிய. திரும்பி வந்தவுடன் காட்டத்தான் இருந்தேன். அதற்குள் மனிசன் மனவருத்தத்தில் தானே சந்தைக்குப் போய், மீனும் வெட்டி, தேங்காயும் துருவித் தரத் தொடங்கிவிட்டார். அந்த நேரம் படத்தை எடுத்துக் காட்ட எனக்கென்ன விசரே? பிறகு அப்படியே முப்பது வருடம் போய்விட்டது. கடிதத்தை வாசித்தபிறகு இனியும் ஒளித்து வைக்க மனம் வரவில்லை. நீ இதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வைத்திரு. ஜூலையில் எங்கள் கலியாண நாளன்று கொண்டு வா. அன்றைக்குச் சந்தைக்கு நான் போறன்.